பிஞ்சு நிற்க ஒரு மருந்து

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது உயிரோடு இல்லை. ஊருக்கெல்லாம் அவர் 'மருந்து'தான். கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி என்று எது வீட்டுக்குள் குடியேறினாலும் "மருந்தைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். நம் மொழியின் தாராளத்தைப் பாருங்கள், ஆளைப் பிழைக்க வைப்பதும் மருந்து, பூச்சியைச் சாகடிப்பதும் மருந்து. வம்பு முழுக்க இந்தத் தாராளத்தால் வந்ததுதான்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் வாடை மட்டும் எத்தனை சோப்புப் போட்டாலும் அவரை விட்டுப் போகாது. மனைவி சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வாள். பேருந்தில் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். முகம் சுளிக்காத ஒரே ஆள் அவருடைய அக்கா. தாய் செத்தபோது அவருக்கு நடை பழகுகிற வயது. அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடுப்பில் தூக்கி வளர்த்தாள். மூக்கைப் பொத்துகிறவர்களைக் கண்டால், "உழைக்கிறவன் மேல உழைச்ச வாடைதான் அடிக்கும்" என்று சொல்லி அவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைப்பாள். அதைக் கேட்பதற்காகவே அவர் வாரம் தவறாமல் போய் வருவார்.

ஊர் முடிகிற இடத்தில் அக்காவுக்கு ஒரு பூசணித் தோட்டம். அதை ஒட்டி, கண்ணாடி ஜன்னல்களோடு ஓர் அலுவலகக் கட்டடம். கணவர் போய்ச் சேர்ந்தபிறகு அக்காவுக்கு அந்தக் கொடிதான் துணை, அந்தக் கொடிதான் சோறு. இந்த வருஷம் கொடி பூத்துக் கொட்டியது. பிஞ்சுதான் நிற்கவில்லை. கட்டைவிரல் அளவுக்கு வருவதற்குள் மஞ்சளாகி, நுனி அழுகி, உதிர்ந்துவிடும். எரு போட்டுப் பார்த்தாள், தண்ணீரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள், செத்த விதையை விற்றான் என்று விதைக்கடைக்காரரோடு தெருவே கூடச் சண்டை போட்டாள். எதற்கும் பலனில்லை. இப்படியே போனால் தோட்டத்தை விட்டுவிட்டு யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான் என்று சொன்ன அன்று, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் மருந்து வச்சிருக்க. என் கொடியில பிஞ்சு நிக்கறதுக்கு ஒரு மருந்து குடுக்கமாட்டியாடா?"

மறுநாள் காலையில் தோட்டத்துக்கு வந்தார். மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள் வாய் திறந்து கிடந்தன. ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. சத்தம்தான் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. போன வருஷம் இதே இடத்தில், பூவைத் தொடுவதற்கு முன் உள்ளே தேனீ இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. அவர் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார். மேல் மாடியின் விளிம்புக்கு அடியில், முறம் முறமாகத் தேனடைகள் தொங்கிய இடத்தில், கறுப்புத் தடங்கள் மட்டும் இருந்தன.

அந்த மலைத்தேனீக்களுக்கு மருந்தடித்தவர் அவர்தான். பூக்கும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால், எல்லா ஈயும் வீடு திரும்பிய பொழுது பார்த்து, ஒன்றுகூடத் தப்பாமல் அடித்தார். மறுநாள் உமியைக் கூட்டுவதுபோலக் கூட்டி மூட்டை கட்டினார். கட்டட மேலாளர் கைகுலுக்கிப் பாராட்டினார். அந்தப் பாராட்டை அக்காவிடமே பெருமையடிக்க நினைத்து, எப்படியோ மறந்துபோயிருந்தார்.

நேரே விதைக்கடைக்குப் போனார். விதையில் குற்றமில்லை, ஆண் பூவின் தூளைப் பெண் பூவுக்குக் கொண்டுபோக ஈ இல்லை, அவ்வளவுதான் என்றார் கடைக்காரர். சண்டை போட்ட அன்றே இதை அக்காவிடம் சொல்லக் கடைக்காரர் வாயெடுத்தாராம், அவள் குடத்தைத் தூக்கி அடித்தாளாம். கையால் தடவினாலும் காய்க்கும், ஆனால் எத்தனை பூவுக்குத் தடவுவீர்கள் என்று கேட்டார். அக்காவைக் குறை சொல்லியும் பயனில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறவரை கிணற்றைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

உண்மையைச் சொல்லத்தான் திரும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் புரண்டுவிட்டது. மருந்து இருக்கிறது, விடிகாலையில் அடிக்கவேண்டும், நெடி ஆகாது, நீ கிட்டே வராதே என்றார். அன்றிலிருந்து தினமும் வெறும் தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவினார். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். ஓர் ஈ பாடிக்கொண்டே செய்கிற வேலையை இவர் "அம்மா, அப்பா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு செய்தார்.

பிஞ்சுகள் நின்றன. சிலது கைக்குள் அடங்காத அளவுக்குப் பருத்தன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை, அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் தம்பியின் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அங்கேயும் பிஞ்சு உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நம்மாள் ஒரு தோட்டத்தையே மறைக்கப் பார்த்தார், விடுவார்களா? ஒருநாள் காலை, கையில் ஆளுக்கொரு வாளியோடு அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று மரியாதையாகக் கேட்டார்கள். அக்கா பெருமையில் நிமிர்ந்து நின்றாள். அவருக்கோ பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. கட்டட மேலாளர். பழைய இடத்திலேயே தேனீ மறுபடி வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார். இவர் தள்ளிப்போய் நின்று கெஞ்சினார். சீண்டாமல் விட்டால் ஒன்றும் செய்யாது, அந்த ஜன்னலை மட்டும் மூடிவையுங்கள், பருவம் முடிந்ததும் தானாகவே போய்விடும் என்றார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையை வேண்டாமென்றார். மேலாளர் கோபப்படவில்லை. நீங்கள் வராவிட்டால் வேறு ஆள் வருவான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. "அக்கா, கொஞ்சம் வா" என்று அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். வாளிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். மேல் விளிம்பில், பழைய கறைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

"அதுதான்க்கா நீ கேட்ட மருந்து. பிஞ்சு நிக்கறது அதுங்களாலதான்."

"அப்ப நீ அடிச்சது?"

"நான் எதுவும் அடிக்கல. ஒவ்வொரு பூவா கையால தடவினேன்."

அவள் சிரித்துவிட்டாள். இந்த இடுப்பை வைத்துக்கொண்டா என்று கேட்டாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "போன வருஷம் நெறைய இருந்துச்சே. அதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. நான்தான் கொன்னுட்டேன்."

ஒருவர் வாளியைக் கீழே வைத்தார். அக்கா மேலே பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள், தம்பியை மட்டும் பார்க்கவில்லை. மாடிக்குப் போகும் பின்வாசல் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எவன் வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவளுக்குக் கீழ்ப்படிகளில் உட்கார்ந்தார்கள்.

அவரும் வழக்கம்போல அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காரக் குனிந்தார். அக்கா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காருடா. உன் மேல மருந்து வாடை அடிக்குது."

அவர் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.