அக்காவின் ஓட்டு

என் அக்காவைப் பற்றி யாரும் அக்காவிடம் கேட்டதில்லை. அவள் எதிரிலேயே நின்றிருப்பாள். பக்கத்துக் குடித்தனத்து அத்தை என்னைப் பார்த்து, “அக்கா சாப்பிட்டாளா கண்ணு?” என்பார். ஜவுளிக்கடைக்காரர் அம்மாவிடம், “புள்ளைக்கு எந்தக் கலர் புடிக்குமுங்க?” என்பார். நாங்களும் அவளுக்காகப் பதில் சொல்லுவோம். அக்கா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நடப்பதற்கே நாலு வயதாகிவிட்டதாம். பேச்சு அதற்கும் பின்னால்தான் வந்தது. வந்த பிறகும் சில எழுத்துகள் அவள் வாயில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். “மூளை வளரலீங்க” என்று ஊரில் சொன்னதுதான் நாங்கள் அறிந்த விளக்கம்.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். வரிசையாக ஐந்து குடித்தனம் இருந்த வளவில் எங்களுடையது கடைசி வீடு. நடுவில் பொதுக் கிணறு. அக்கா தண்ணீர் சேந்துவாள், வாசல் கூட்டுவாள், பொழுது சாய்ந்ததும் பனியன் துணித் துண்டால் லாந்தர் கண்ணாடியைத் துடைத்து வைப்பாள். யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கல்யாணம், சீர் என்று வளவே கிளம்பிப் போகும் நாட்களில் அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவோம். அப்போதும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், ஓட்டர் பட்டியல் எடுக்க ஒருவர் வந்தார். அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

“ஊட்டுல எத்தனை ஓட்டுங்க?”

“நானும் சம்சாரமுமுங்க. ரெண்டு” என்றார் அப்பா. என்னைக் காட்டி, “இவளுக்கு இன்னும் வயசாகலீங்க” என்றார். அப்போதெல்லாம் இருபத்தொன்று முடிந்தால்தான் ஓட்டு.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மூணுங்க.”

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “பெரியவளையுஞ் சேத்து மூணு. இந்தா, உங்களுக்குத் தண்ணி குடுத்தாளே, அவதானுங்க” என்றாள்.

“அவளுக்கெதுக்கு?” என்றார் அப்பா.

“வயசாயிருச்சில்லீங்க?” என்று வந்தவரைக் கேட்டாள் அம்மா. அவர் அக்காவை ஒருமுறை பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார்.

தேர்தல் வந்தபோது அந்தப் பேச்சு மறுபடியும் எழுந்தது. அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. கம்பெனியில் மதியத்துக்குக் கிடைக்கும் போண்டாவை அவளுக்காக மடித்து எடுத்துவருபவர். அவருக்குப் பயம் வேறு. “நாலு பேரு முன்னால கொண்டுபோயி நிறுத்தி, அவங்க சிரிச்சா என்ன பண்ணுவே?” என்றார்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அதுக்காக அவ எத்தனை நாளைக்கு உள்ளயே இருப்பா?” என்றாள் அம்மா.

ஓட்டுச்சாவடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று. மாசி வெயில். வெளியே ஒரு கிழவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். அக்கா பச்சைச் சேலை கட்டி, என் கையை இறுகப் பிடித்திருந்தாள். வாசல் வந்ததும், ஓட்டு இல்லாதவர்கள் வெளியே நிற்கவேண்டும் என்றார் போலீஸ்காரர். அக்காவின் கையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் சன்னலோரம் போய் நின்றேன்.

உள்ளே பெஞ்சில் இருந்த கட்சி ஏஜெண்டுகளில் ஒருவர் எங்கள் வளவுக்காரர். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். “ஏனுங்க சார், இந்தப் புள்ளைக்கு வெவரம் பத்தாதுங்க. எதுக்கு வம்பு, விட்டுருலாமுங்க” என்றார் அடக்கமாகத்தான்.

அதிகாரி வெளியூர்க்காரர். வாத்தியார் மாதிரி இருந்தார். அவர் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லவில்லை, அம்மாவைப் பார்க்கவும் இல்லை. அக்காவைப் பார்த்து, “அம்மா, உங்க பேரைச் சொல்லுங்க” என்றார்.

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அதிகாரி, “நான் உங்களைத்தான் கேக்கறேன்” என்றார்.

அக்கா தன் பேரை, முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, சத்தமாகச் சொன்னாள்.

“வீடு எங்கே?”

“கெணத்து வளவு. கடேசி ஊடு.”

“சரியா இருக்கு” என்று அதிகாரி ஏஜெண்டைப் பார்த்தார். அவர் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் அக்காவின் விரலில் மை வைத்தார். இன்னொருவர் ஓட்டுச்சீட்டைக் கொடுத்தார்.

அந்தத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. தட்டி கட்டி மறைத்த இடத்தில் வேட்பாளருக்கு ஒன்றாகப் பெட்டிகள் இருக்கும். பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். அம்மா கூடவே நடக்கப் போனாள். அதிகாரி தடுத்துவிட்டார்.

“அவங்க மட்டும்தான் போகணும்மா.” பிறகு அக்காவிடம், “எந்தப் பெட்டியில போட்டீங்கன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. சரியா?” என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். போனவள் வரவில்லை. வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள். பின்னால் நின்ற எங்கள் வளவு அத்தை, “இரு அம்மிணி, அவளுக்கு இது மொத ஓட்டாச்சே” என்று அவளை அடக்கினார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். சீட்டைப் பெட்டி மேலேயே வைத்துவிடுவாளோ, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவாளோ என்று நான் சன்னல் கம்பியைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

அக்கா வெளியே வந்தாள். அம்மா முதலில் பார்த்தது அவள் கைகளை. இரண்டும் காலி. அதிகாரி அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்பா ஓட்டுப் போட்டுவிட்டு முன்னாடியே வந்து வாசலில் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை என்பதை அவர் அங்கிருந்தே பார்த்திருக்கவேண்டும். வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார். முதல் பிஞ்சை அக்காவிடம் கொடுத்து, “எதுல போட்டே கண்ணு?” என்றார்.

“சொல்லக்கூடாது” என்றாள் அக்கா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் நடக்கும் எதையும் கிணற்றடியில் போய்ச் சொல்லிவிடும் பெண் அவள். பழைய சோறு தின்றதையும் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டதையும் வளவு முழுக்க அவள் வாயால்தான் தெரிந்துகொள்ளும். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. வளவில் எதிரெதிர் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அந்த ஏஜெண்டும் வேலை விட்டு வரும்போது கிணற்றடியில் நின்று, “அம்மிணி, எங்களுக்குத்தானே போட்டே?” என்பார். அத்தைகள் கேட்டார்கள். தயிர்க்காரம்மாவும் கேட்டாள். அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஓட்டுப் பேச்சு ஓய்ந்த பிறகும் அவளிடம் நேராகக் கேட்கும் பழக்கம் ஓயவில்லை. “இன்னைக்கு என்ன கொழம்பு?”, “சேலை புதுசா?” என்று கேட்டுவிட்டு, அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள். எல்லோரும் என்று சொல்லமாட்டேன். சிலர்.

அந்த வைகாசியில் பக்கத்து அத்தை மகளுக்குக் கல்யாணம். அத்தை குங்குமச் சிமிழோடு வந்து அம்மாவுக்கு வைத்தார், எனக்கு வைத்தார், பிறகு உள்ளே போய் அக்காவைத் தேடிப் பிடித்து, “கண்ணு, நீயும் வரோணும். உன்னையத் தனியாக் கூப்புடறேன்” என்று வைத்தார். கல்யாணத்தன்று எங்கள் வீட்டைப் பூட்டியபோது உள்ளே யாரும் இல்லை. பந்தியில் அக்கா பாயசத்தைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தாள். எதிர் வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவர் எங்கள் வளவு ஏஜெண்ட். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்று அவளைத்தான் கேட்டார்.

எனக்குக் கல்யாணம் ஆகி வேலம்பாளையம் போனேன். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். என் மாமியார் வீட்டு உறவில் சிலர் கடைசிவரை அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்கள். அதை என்னால் மாற்ற முடியவில்லை.

வேலம்பாளையத்தில் எங்கள் தெருவுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு ஒரு பெண் வந்தாள். அவள் பேசும் தமிழை எங்கள் தெரு கேலி செய்தது. அக்காவுக்கு அந்தக் கேலி விளங்கவில்லையோ என்னவோ, அந்தப் பெண் சொல்வதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அந்தப் பெண் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

“எக்கா, சந்தைக்கு வாறியளா?”

அவள் கூப்பிட்டது என்னை இல்லை. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமலேயே கிளம்பிவிடுவாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருமுனை திரும்புவது அடுப்படியிலிருந்து எனக்குத் தெரியும்.