மணி நின்ற இடம்

செருப்பின் வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி சுண்டிக்குளத்துக் கடல்நீரேரியை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் கட்டும் வேலையை விட்டு இரண்டு நாள். கட்டைக்காடு வரை பேருந்து, பிறகு நடை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்றதும் மழைக்காட்டை நினைத்து வராதீர்கள். யாழ்ப்பாண மாவட்டமும் கிளிநொச்சியும் முட்டுகிற எல்லை இது. உப்புச் சேறு, கண்டல், பாலை மரம், முள். ஆனால் தை மாதத்துப் பூநாரைகளுக்காக ஒரு குதிக்காலைக் கிழித்துக்கொள்ளலாம். நான் கிழித்துக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்குப் பூங்காவின் எல்லைக்கல்லடிக்கு வந்தேன். றோசலின் என்ற பெண் புண்ணாக்கு வாளியைத் தட்டிக்கொண்டிருந்தார். காலையில் பூங்காவுக்குள் போன அவருடைய சினைமாடு சத்தம் கேட்டு வந்தது. வயிறு ஒட்டியிருந்தது; கன்றைக் காணவில்லை.

"உள்ளுக்கை ஈண்டுபோட்டு, கண்டை ஒளிச்சு வைச்சிருக்கு. இரவுக்கு நரி விடாது," என்றார்.

பக்கத்தில் நின்ற வனக்காவலர் தலையை ஆட்டினார். "ஆறு மணியாகுது. உங்களை விடேலாது அக்கா. நான் போய்ப் பாக்கிறன்."

"எங்கையெண்டு பாப்பாய் தம்பி? ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டால் மாடு கண்டடிக்குப் போகாது. ரெண்டு பேரும் மற்றப் பக்கம் திரும்புங்கோ."

காட்டைக் காப்பவர் காட்டுக்கு முதுகு காட்டி நின்றார். நானும் றோசலினும் அப்படியே நின்றோம். மாட்டின் கழுத்து மரமணிச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

"சும்மா நிக்காமல் கதையுங்கோ. அது சந்தேகப்படும்."

"அண்ணை எந்த ஊர்?" என்றார் காவலர்.

"இப்ப ஒண்டுமில்லை."

மணி நின்றது. றோசலின் திரும்பாமலே கையை நீட்டினார். "உதிலைதான், வலக்கைப் பக்கம்."

காவலர் என் காதருகே குனிந்தார். "அண்ணை, நீங்களும் வாங்கோ. எனக்கு மாடெண்டால் கொஞ்சம் பயம்."

றோசலினுக்குக் கேட்டுவிட்டது. "முதலைக்குப் பயமில்லாத ஆள்," என்றார்.

பாலைப் பற்றைக்குள் கன்று ஈரம் காயாமல் சுருண்டிருந்தது. தோளில் தூக்கினேன். கல்லைத் தாண்டும் வரை தாய் என் முதுகை இடித்துக்கொண்டே வந்தது. காவலர் வெகு முன்னால் நடந்தார்.

இரவு றோசலின் வீட்டு மாட்டுக்கொட்டிலில் படுத்தேன். காலையில் தேநீரோடு வந்து கேட்டார்: "மாடு மேய்க்கத் தெரியுமோ?"

"தெரியாது."

"கல்லு எங்கை இருக்கெண்டு தெரியும்தானே."

மூன்று நேரச் சாப்பாடு, படுக்க இடம், ஒரு சோடிச் செருப்பு. மாடுகள் கல்லைத் தாண்டாமல் பார்ப்பதுதான் வேலை. வெயில் ஏற, நான் கல்லில் உட்கார்ந்திருந்தேன். காவலர் அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார். கிட்ட வரவில்லை.