ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கற்ற ஒரு மடகாஸ்கர் சொல்

உற்சாகமான பயணக் கட்டுரை வேண்டுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். போன ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மனம் இன்னும் அந்தப் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை.

அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் ஹெரி மடகாஸ்கர்க்காரன். கிருஷ்ணன்கோவிலில் எம்.டெக். படிக்கிறான். நோயில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வியாழக்கிழமை ஊருக்குப் புறப்பட இருந்தான். அவருக்குப் பால்கோவா வாங்க வேண்டும் என்றான், துணைக்குப் போனேன்.

பினாங்கில் பத்து வருஷம் ஹோட்டல் வேலை பார்த்த எனக்கு மலாய் தெரியும். பஸ்ஸில் இருவரும் சொற்களை ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். மலாயில் வானம் ‘லாங்கிட்’, அவன் மொழியில் ‘லானித்ர’. ஐந்து ‘லீமா’, அவனுக்கு ‘டிமி’. என்றோ போர்னியோப் பக்கமிருந்து படகேறி மடகாஸ்கர் சேர்ந்தவர்கள் கொண்டுபோன சொற்கள். செத்துப்போவதற்கு மட்டும் இரண்டிலும் அச்சாக ஒரே சொல், ‘மாத்தி’. இத்தனை கடல் தாண்டியும் அது தேயவில்லையே என்று சிரித்தோம். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

கோவில் பக்கத்துக் கடையில் அரைக் கிலோ கட்டச் சொன்னோம். “ஒரு வாரம் தாங்கும் தம்பி. எம்புட்டுத் தூரம் கொண்டு போறிய?” என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன்.

“ஏலே, காலேஜ்ல இருந்து பேசுனாக. ஹெரியோட அம்மா தவறிட்டாகளாம். அவன்ட்ட சொல்லிறாத. சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டியா. பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்.”

நம் ஊர் வழக்கம் அது. சாவு என்று போனில் சொல்ல மாட்டோம், சீரியஸ் என்போம். கேட்கிறவனுக்கும் உள்ளுக்குள் விளங்கிவிடும், வந்து சேரும்வரை ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்றுதான். நானும் ஹெரியிடம் இங்கிலீஷில் அதையே சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அவன் என் போனை வாங்கி விமானம் தேடினான். தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தான். “இன்று ராத்திரியே ஒன்று இருக்கிறது. போனால் பார்த்துவிடலாம்” என்றான். முகத்தில் அப்படியொரு தெளிவு. அவன் எங்கள் பொய்யை நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “ஹெரி, அம்மா… மாத்தி” என்றேன். வேறு எந்த மொழியிலும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவன் பால்கோவாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்திருந்தான்.

போகிறவர்களுக்கு: பஸ் அடிக்கடி உண்டு, பால்கோவாவைச் சூடு ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். வெளியூர்க்காரரிடம் மட்டும் ‘சீரியஸ்’ என்று சொல்லாதீர்கள். அவர்கள் நம்பிவிடுவார்கள்.