செவ்வந்தியும் மெத்தை நாற்காலியும்

செவ்வந்திக்கு இரண்டு காதும் கேட்காது. தொழில், தவில் வாசிப்பது. இதை ஒரே மூச்சில் சொன்னால் புது ஆட்கள் முதலில் அவள் காதைப் பார்ப்பார்கள், அப்புறம் தவிலைப் பார்ப்பார்கள், கடைசியில் அவள் புருஷன் சிங்காரவேலுவைப் பார்த்து, "அப்போ எப்படிங்க?" என்பார்கள். சிங்காரவேலு நாதஸ்வரக்காரர். பதில் சொல்லி அலுத்துப்போய், "வாசிக்கிறப்ப பாருங்களேன்" என்று வாத்தியத்தை வாயில் வைத்துக்கொள்வார்.

பிறவியிலேயே வந்த குறை இல்லை. அப்பாவிடம் தவில் படித்து, கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்ற பிறகு மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது காதையும் கொண்டுபோயிற்று. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் மாட்டிக்கொள்ள மிஷின் கொடுத்தார். காது நிறைந்ததே தவிர வேறு பலனில்லை. இருந்தாலும் ரேஷன் கடைக்குப் போகும்போது அதை மறக்காமல் மாட்டிக்கொள்வாள். மிஷினைப் பார்த்தால் ஆட்கள் நேருக்கு நேர் நின்று நிதானமாகப் பேசுகிறார்கள். உதட்டைப் படிக்க அதுதான் வசதி.

படுக்கையில் கிடந்த நாளிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. சிங்காரவேலு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தால், இரும்புச் சட்டம் வழியாக அது அவள் முதுகுக்கு வந்து சேர்ந்தது. எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் தவிலைக் கேட்டாள். மாமியார் முதலில் கஞ்சியைக் குடி என்றாள். இரண்டும் நடந்தது.

அன்றிலிருந்து முறை இதுதான். இருவரும் சம்மணமிட்டு ஒட்டி உட்காருவார்கள். அவள் முழங்கால் அவர் முழங்காலோடு சேர்ந்திருக்கும். அவர் மூச்சு இழுப்பதும் காலை அசைத்துத் தாளம் போடுவதும் அதன் வழியாக வரும். சுருதிப்பெட்டி அவள் பாதத்தை ஒட்டி அதிர்ந்துகொண்டிருக்கும். தவில் மடியில் இருப்பதால் தன் அடி தனக்கு வயிற்றில் தெரியும். எந்த ராகம் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். தவிலுக்கு அது அவ்வளவு முக்கியமும் இல்லை. முழங்காலை இரண்டு முறை அழுத்தினால் கெட்டிமேளம். ஒரு முறை அழுத்தினால் சும்மா இரு. ஊர்வலத்தில் நடந்து வாசிக்கும்போது முழங்காலுக்குப் பதில் தோள்.

மண்டபங்களைக்கூட அவள் தரையை வைத்துத்தான் எடைபோடுவாள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தென்னம்பலகை மேடை. அதில் எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரியும் என்பாள். கிரானைட் போட்ட மண்டபங்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

திருவாரூர்ப் பக்கம் ரெங்கசாமி வீட்டுக் கல்யாணம் வந்தது. ரெங்கசாமி பெண்ணைப் பெற்றவர் மட்டுமல்ல, அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் புது அறங்காவலரும்கூட. வைகாசித் திருவிழா ஊர்வலத்தில் வருஷா வருஷம் இவர்கள்தான் வாசிப்பார்கள். செவ்வந்தியின் காது விவகாரம் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"கல்யாணத்துல பாக்குறேன்," என்றார் சிங்காரவேலுவிடம். "கெட்டிமேளம் தப்புச்சுன்னா, வைகாசிக்கு வேற தவில் பாத்துக்குங்க. கோச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லைதான். ஆனால் வருஷா வருஷம் வாசித்த கோயிலிலேயே நிறுத்திவிட்ட தவிலை வேறு ஊரில் யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? அதோடு அவள் தவில் பரணுக்குப் போகவேண்டியதுதான்.

கல்யாணத்தன்று மேடையில் ஏறினால், தடித்த கம்பளத்தின் மேல் இரண்டு மெத்தை நாற்காலிகள். நடுவில் இடுப்பளவு பூந்தொட்டி.

"இதுல உட்காந்து எப்படிங்க வாசிக்கிறது?" என்றாள் செவ்வந்தி. அவள் முணுமுணுத்தாலே நாலு வரிசைக்குக் கேட்கும்.

"கீழ உட்காந்தா வீடியோவுல தெரிய மாட்டீங்கம்மா," என்றார் ரெங்கசாமி. "நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்துட்டு தரையில உட்காருறதாவது! மரியாதையா மேல உட்காருங்க."

மரியாதையாக உட்கார்ந்தார்கள். பூந்தொட்டிக்கு அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் இவள். முழங்காலுக்கு எதுவும் எட்டவில்லை. கம்பளம் பாதத்துக்குப் போர்வை போர்த்தியது போல் இருந்தது. வேறு வழியில்லாமல் கண்ணை நம்பினாள். தாலி கட்டும் நேரத்தில் யாராவது ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டுவார்கள், அதைப் பார்த்து அடிப்பதுதானே ஊர் வழக்கம்.

மாப்பிள்ளையின் அம்மா கமலாம்பாள் விரலை உயர்த்தி ஆட்டினாள். வீடியோக்காரன் மறைத்துக்கொண்டு நின்றதால், தள்ளச் சொல்லித்தான் ஆட்டினாள்.

செவ்வந்தி அடித்தாள். சிங்காரவேலுவுக்குத் திக்கென்றது. தவில் மட்டும் தனியாக அடிப்பது இன்னும் மோசம் என்று அவரும் ஊதினார். சனம் அட்சதையை வாரி இறைத்தது. தாலி இருந்த தட்டு அப்போது மூன்றாவது வரிசையில், ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்த ஒரு கிழவரின் கையில் இருந்தது. மாப்பிள்ளை வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெங்கசாமியின் முகத்தைப் படிக்க உதடு தேவைப்படவில்லை. செவ்வந்தி நாற்காலியை விட்டு இறங்கினாள், கம்பளத்தை மடக்கித் தள்ளினாள், வெறுந்தரையில் உட்கார்ந்து புருஷனின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "எறங்குங்க." அவர் இறங்கினார். முழங்கால் முழங்காலோடு சேர்ந்தது.

அதற்குள் கமலாம்பாள் சபையைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். மேடை ஓரத்திலிருந்து செவ்வந்திக்கு அவள் உதடு நன்றாகத் தெரிந்தது.

"இது அப—"

கல்யாணத்தில் கெட்ட வார்த்தையோ தும்மலோ விழுந்தால் காதில் விழாதபடி மேளத்தால் மூடுவார்கள். மற்ற தவில்காரர்கள் வார்த்தை விழுந்த பிறகுதான் மூட முடியும். செவ்வந்திக்கோ உதடு ஒட்டும்போதே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அபசகுனம் என்ற சொல் பாதியிலேயே காணாமல்போயிற்று.

கமலாம்பாள் மேளம் ஓயட்டும் என்று நின்றாள். ஓய்ந்தது. "இந்தக் கல்யாணமே—"

அடித்தாள்.

"அந்த செவிட்டுப் பொம்பள—"

அதற்கும் அடித்தாள். தன்னைப் பற்றியது என்பதால் கூடக் குறைய இல்லை, அதே அடிதான். கமலாம்பாளின் தங்கை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "உட்காருக்கா. தொண்டைதான் போவும்."

தட்டு வந்து சேர்ந்தது. அட்சதை தீர்ந்திருந்தது. அரிசிக்கு அந்த ஊரில் பஞ்சமா? சமையற்காரர் ஒரு அண்டா பச்சரிசியில் சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சள்தூளைப் பிசறி அனுப்பினார். முழங்கால் இரண்டு முறை அழுந்தியது. கெட்டிமேளம் விழ, தாலி ஏறியது. எல்லார் மேலும் லேசாகச் சமையற்கட்டு வாசம் அடித்தது.

பந்தியில் ரெங்கசாமி இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"மொத அடி தப்பு."

"தப்புதாங்க," என்றாள் செவ்வந்தி. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ரெங்கசாமி ஓரக்கண்ணால் சம்பந்தியம்மாளைத் தேடினார். அவள் எதிர் வரிசையில் மும்முரமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். "ஆனா அந்த வார்த்தை முழுசா விழுந்திருந்தா எம்பொண்ணு காலத்துக்கும் கேட்டுக்கிட்டு இருக்கணும். வைகாசிக்கு நீங்களே வந்துருங்கம்மா. நாற்காலி போட மாட்டேன்."

"ஊர்வலத்துல நடந்துல்ல போவோம்," என்றாள் அவள். "நாற்காலி எதுக்கு?"

எதிர் வரிசையில் கமலாம்பாள் பாயசத்துக்காக விரலை உயர்த்தி ஆட்டினாள். செவ்வந்தியின் கை இலையை விட்டு எழுந்தது. சிங்காரவேலு மேசைக்கு அடியில் முழங்காலை ஒரு முறை அழுத்தினார்.