பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பஸ்

அறுபதுகளின் கடைசி. கல்யாணக் கச்சேரிகளில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பேன். என் பக்கம் ஒருவரும் திரும்பியதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் நண்பன் சூசை, கிட்டார் ஒலியை முரடாக்கும் கருவி ஒன்றை பிஸ்கட் டின்னுக்குள் செய்து நீட்டினான்.

"ஸ்பீக்கர் கிழிஞ்சா உன்ன சும்மா உடமாட்டேன்" என்று மிரட்டிவிட்டு, அதைக் காலால் அழுத்தித் தடித்த கம்பியைத் தட்டினேன். கடையே உறுமியது.

வெளியே மேல்மலையனூர் அமாவாசை பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம், பஸ் வந்துவிட்டதென்று மூட்டையோடு கடைவாசலுக்கு ஓடிவந்தது.

கூடையோடு முன்னால் நின்ற பெண், "பஸ் எங்கய்யா?" என்றாள். சூசை டின்னைக் காட்டினான். முறைத்தவள் சிரித்துவிட்டாள். "இன்னொரு தபா உடு, கேக்கலாம்."

வெட்கமும் சந்தோஷமுமாக வாசித்தேன். நிஜமான பஸ் வந்து ஹாரன் அடித்தது. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.