மசாஹிறாவின் அடம்பன் கொடி

மருதமுனைக் கடற்கரையில் தறி நெய்யும் மசாஹிறாவின் வாசலுக்கு முன்னால் அடம்பன் கொடி எந்தக் காலத்திலும் பச்சையாகப் படர்ந்து கிடக்கும். கடலில் சொறிமுட்டை என்னும் இழுதுமீன் பட்டு எரியும் காலுக்கு மீனவர்கள் அதன் இலையை அரைத்துப் பூசுவார்கள். வீக்கத்துக்கு வாட்டிக் கட்டுவார்கள். அந்தக் கொடி மணலைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அவளுடைய தறியில் மணல் ஏறுவதில்லை.

போன மாதம் கடற்கரையை அழகாக்கவென்று ஒரு குழு மண்வெட்டிகளோடு வந்தது.

“இதுக்குள்ள ஜின் இரிக்காம், தங்கச்சி. வெட்டத்தான் வேணும்” என்றார் குழுத் தலைவர் மீராலெவ்வை.

“இருபது வருசமா இலை பறிக்கிறன், காக்கா. ஒரு ஜின்னும் எனக்குச் சலாம் சொல்லல்ல” என்று அண்ணன் முறை வைத்தே பதில் சொன்னாள் மசாஹிறா.

“பொம்புளையளுக்கு இதெல்லாம் விளங்காது.”

இந்த ஒரு வசனத்தை வைத்தே எங்கள் ஊரில் எத்தனை வாய்களை அடைத்திருக்கிறார்கள்! மசாஹிறாவின் வாய் அடைபடவில்லை.

“ஓம், விளங்காதுதான். வெட்டுங்க. இப்ப தறியில இரிக்கிறது ஒங்கட பெருநாள் சாரன். நூலோட மணலையும் சேர்த்து நெய்யிறன். உடுத்துப் பாத்தா ஒங்களுக்கு எல்லாம் விளங்கும்.”

மீராலெவ்வை தன்னை அறியாமல் இடுப்பைத் தடவினார். பிறகு, ஜின்களுக்கும் குடியிருக்க ஓர் இடம் வேண்டும்தானே என்று சொல்லி, ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்.