பத்தாம் கட்டிலுக்குப் போன தீர்த்தம்

பூவம்மாவுக்கு வேலை கிடைத்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் உப்பில்லாப் பண்டம்தான். 1955. புருஷன் செத்துப்போய் மூன்று மாதம். டன்லப் ஸ்திரீட்டில் மசாலா அரைக்கிற கடை வைத்திருந்த யாக்கூப் பாய், வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரத்தம் சோதிக்கிற லேபில் கண்ணாடிக் குழாய் கழுவ ஆள் தேவைப்பட்டது.

“கண்ணாடிச் சாமானாச்சே, உடைச்சிட மாட்டாளா?” என்றார் அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி.

“உடைப்பா. கையால வேலை செய்யறவ உடைக்காம இருப்பாளா? ஆனா உடைச்சா, உடைச்சேன்னு வந்து சொல்லிடுவா. அதுக்கு நான் சாட்சி” என்றார் பாய்.

இப்படியும் ஒரு சிபாரிசு உண்டா! பூவம்மாவுக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் மகள் தங்கம் படித்தாள், வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. தினமும் காலையில் “பாய் நல்லா இருக்கணும்” என்று சொன்ன பிறகுதான் பூவம்மா தீக்குச்சியைக் கிழிப்பாள்.

லேபில் சோதனை செய்கிறவர் மாணிக்கம். கறார்ப் பேர்வழி. “கழுவறது பெரிசில்ல பூவம்மா, காய வைக்கறதுதான் பெரிசு. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ரத்தம் கெட்டுடும்” என்று அவர் ஓதாத நாளே கிடையாது. ஏழு வருஷத்தில் ஒரு ஈரக்குழாய் வெளியே போனதில்லை.

1962இல் யாக்கூப் பாய்க்கு நெஞ்சுவலி வந்தது. கொண்டுவந்து பத்தாம் கட்டிலில் போட்டார்கள். அப்போதுதான் ஒரு ரத்தச் சோதனை புதிதாக வந்திருந்தது. இதயத் தசை செத்தால் அதிலிருந்து ஒரு சத்து கசிந்து ரத்தத்தில் கலக்குமாம். அது எவ்வளவு என்று தினமும் அளந்து பார்ப்பார்கள். முதலில் எண் ஏறும், பிறகு இறங்க வேண்டும். இறங்கினால் ஆள் தேறிவிடுவார் என்று நம்பலாம். இறங்காமல் மேலும் ஏறினால் இதயத்தில் இன்னொரு பக்கமும் செத்துக்கொண்டிருக்கிறது, பிழைப்பது கஷ்டம். பாய்க்கு முதல் இரண்டு நாளும் எண் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் எண்ணில்தான் எல்லாம் இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தாள் பூவம்மா. சின்ன புட்டியில் தீர்த்தம் இருந்தது. பாய்க்குக் குடிக்கக் கொடுக்க முடியுமா? முடியாது. யோசித்தாள். காய்ந்த குழாய் ஒன்றில் நாலு சொட்டு விட்டு, மூடி, ரத்தம் எடுக்கப் போகும் வார்டு நர்ஸ் மிஸியிடம் நீட்டினாள். “இது பத்தாம் கட்டிலுக்கு.” ஈரம் கூடாதென்று தெரியாதா? தெரியும். ஆனால் அம்மன் தீர்த்தம் எப்படி வெறும் ஈரமாகும்!

சாயங்காலம் நாலு மணிக்குப் படிக்கட்டில் பாயின் மனைவி பதுருன்னிசா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“நம்பர் மறுபடி ஏறிடுச்சாம் பூவம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அஞ்சு மணிக்கு உள்ள விடுவாங்க. இந்த முகத்தோட நான் எப்படி அவர் முன்னால நிப்பேன்?”

பூவம்மாவுக்குக் காலையில் கொடுத்த குழாய் ஞாபகம் வந்தது. ஐயோ, அந்த நாலு சொட்டு! சொன்னால் வேலை போகும். பாய் கொடுத்த வாக்குக்கும் கெட்ட பேர். சொல்லாவிட்டால், இந்த முகத்தைப் பார்த்ததுமே பாய்க்கு விஷயம் புரிந்துவிடும். அந்த அதிர்ச்சியை அவர் நெஞ்சு தாங்குமா?

“அக்கா, நான் வர்ற வரைக்கும் உள்ள போகாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

“தீர்த்தமா?” மாணிக்கம் கத்தின கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். “தண்ணி பட்டா ரத்த அணு உடையும். அதுக்குள்ளயும் இதே சத்து இருக்கு. நம்பர் ஏறாம என்ன செய்யும்? உனக்கு மூளை இருக்கா?” பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “ரத்தத்துக்கு மேல தெளிஞ்ச நீர் மஞ்சளா இல்லாம சிவப்பா இருந்துச்சு. நானும்தான் பாத்தேன். பாத்தும் விட்டுட்டேன்.”

அவரே ஒரு காய்ந்த குழாயை எடுத்து, வெளிச்சத்தில் மூன்று தடவை பார்த்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்க வார்டுக்கு ஓடினார். ஐந்து மணிக்கு மணி அடித்தது. பதுருன்னிசா படிக்கட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. பூவம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஏழு மணிக்கு மாணிக்கம் வந்தார்.

“பாதிக்கு இறங்கிடுச்சு” என்றார்.

பதுருன்னிசா பூவம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். டாக்டருக்கு எழுதிய காகிதத்தில் “குழாய் ஈரம், கவனிக்கத் தவறியது நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் மாணிக்கம். பூவம்மா பெயர் அதில் இல்லை. அன்றிலிருந்து காலையில் இரண்டு பேருக்காக வேண்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து பாய் வீட்டுக்குக் கிளம்பும் நாளில், பூவம்மா கட்டிலருகே போய் நின்றாள். தீர்த்தத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். “என்னாலதான் பாய், அக்கா அவ்வளவு அழுதாங்க. மன்னிச்சிடுங்க.”

பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கினதும் அவர் கண் கலங்கியிருந்தது. மனைவி பக்கம் திரும்பினார்.

“உடைச்சா, உடைச்சேன்னு வந்து சொல்லிடுவான்னு அந்தக் கிராணிகிட்ட அன்னைக்கே சொன்னேன்ல, பதுரு? அப்படி வந்து சொன்னதாலதான் இன்னைக்கு நான் வீட்டுக்குப் போறேன்.”